டெல்லி நவம்பரும் ஆன்லைன் வகுப்பும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனாவோடு ஆன்லைன் வகுப்பும் ஒழிந்தது என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். டெல்லியில் ஒழியவில்லை. காற்று மாசு எல்லை மீறி ‘கிராப்’ (மாசு கூடக் கூட படிப்படியாக இறுகும் அரசுத் திட்டம்) கட்டுப்பாடுகள் மூன்றாம், நான்காம் கட்டத்துக்குப் போனால் பள்ளி மறுபடி போனுக்குள் வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் உட்பட எல்லாமே ஆன்லைனுக்கு மாறின. ஆன்லைனில் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், மதிய உணவும் கிடைக்காமல் போகிறது என்று 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. அதன் பிறகுதான் நேரிலும் வரலாம், வீட்டிலிருந்தும் படிக்கலாம் என்ற ‘ஹைப்ரிட்’ முறை வந்தது.

நாம் செய்கிற பெரிய தவறு, “வீட்டில்தான் போன் இருக்கிறதே” என்று நிம்மதியாக இருந்துவிடுவது. காலை ஒன்பது மணிக்கு அது பிள்ளையின் கையில் இருக்குமா என்பதுதான் கேள்வி. 2021-இல் கிராமப்புறங்களில் நடந்த ‘ஏசர்’ கல்வி நிலை ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் 67.6 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படிப்பட்ட வீடுகளிலேயே 26.1 சதவீதப் பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. நகரத்துக் கணக்கு மாறலாம், சிக்கல் இங்கேயும் இருக்கிறது. தெற்கு டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்ட பிறகு, டெல்லியின் வடகோடியில் உள்ள நரேலாவுக்குப் போன நம் தமிழ்க் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இடத்திலேயே வேலை என்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். போனும் கூடவே கிளம்பிவிடும்.

இதை வகுப்பாசிரியரிடம் மறைப்பது அடுத்த தவறு. “இத்தனை மணி வரை எங்களிடம் போன் இருக்காது, பாடக் குறிப்பை மாலையில் அனுப்ப முடியுமா?” என்று இப்போதே, காற்று கெடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளை என்றால் தமிழிலேயே பேசலாம், தயக்கமே வேண்டாம். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அப்பா எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். நாளை ஆன்லைன் என்ற செய்தி பெரும்பாலும் இரவில்தான் வரும், அதுவும் இந்தியில். அம்மா எண்ணும் அதில் இருக்கட்டும்.

அப்புறம் டேட்டா. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபி வரைகூட இழுக்கும். அளவு தீர்ந்தால் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ஆசிரியரின் குரல்கூட விட்டுவிட்டுத்தான் கேட்கும். நள்ளிரவில் புதிதாகக் கிடைக்கிற டேட்டாவை வகுப்புக்கு முன்பே ரீல்ஸும், வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் வீடியோக்களும், ஆப் அப்டேட்டும் தின்றுவிடுகின்றன. இவற்றை முந்தின இரவே நிறுத்தி வையுங்கள். வகுப்பில் வீடியோ தரத்தைக் குறைத்து, பிள்ளையின் கேமராவை அணைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

கேமரா போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றை அறை வீட்டில் பின்னால் சமையல் நடக்கும், தாத்தா படுத்திருப்பார், கொடியில் துணி காயும். அது தெரிந்துவிடுமே என்று கூசியே இணைப்பைத் துண்டிக்கிற பிள்ளைகள் உண்டு. முகம் தெரிவதால் கவனம் இருப்பதாக ஆகிவிடாது. பெயர் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள், பதிலை சாட்டில் எழுதச் சொல்லுங்கள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஹைப்ரிட்டில் வீடும் பள்ளியும் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியர் எதிரில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் பேசுவார். வீட்டுப் பிள்ளைக்குப் பலகை பாதிதான் தெரியும். ஆஸ்துமா இருந்தால் வீடுதான் சரி. அப்போது பலகையின் போட்டோவை யாராவது அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் என்றால், உடம்பு தாங்குகிறவரை நேரில் அனுப்பலாம்.

வகுப்பு சீக்கிரம் முடிகிறதே என்று ஆன்லைன் டியூஷனையும் சேர்க்க வேண்டாம். 2020 ஜூலையில் வந்த மத்திய அரசின் ‘பிரக்யாதா’ என்ற ஆன்லைன் கல்வி வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிட அமர்வுகள் இரண்டுக்கு மேல் கூடாது என்றுதான் சொன்னது.

பள்ளிகள் வருகைப் பதிவில் ‘வரவில்லை’ என்பதையும் ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்பதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டாவது பட்டியலில் இருக்கும் வீடுகளுக்கு அன்று மாலையே ஒரு போன் செய்தால், விட்டுப்போன பாடத்தை மறுநாளைக்குள் பிடித்துவிடலாம்.