கிராஃபிங் கால்குலேட்டரின் ஆவணமில்லாப் போர்ட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர்களில் உள்ள இசட்80 வகைச் செயலி, விசைகள், திரை, நினைவகப் பக்கங்கள் (நினைவகத்தின் பகுதிகள்), குறுக்கீடுகள் (செயலியின் கவனத்தை இடைமறித்துக் கோரும் சைகைகள்) ஆகியவற்றை எண்ணிடப்பட்ட போர்ட்டுகள், அதாவது செயலி வன்பொருளோடு தகவல் பரிமாறும் வாயில்கள், வழியாகவே கட்டுப்படுத்துகிறது. இவற்றில் பலவற்றுக்குத் தயாரிப்பாளரின் விளக்கம் கிடையாது. ஆர்வலர்கள் இயங்குதளத்தின் இயந்திர மொழியைப் பிரித்துப் படித்தும் சோதித்தும் கண்டறிந்தவையே நமக்குக் கிடைக்கும் குறிப்புகள்.

செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் இவற்றைத் தொடுபவர் செய்யும் முதன்மையான தவறு, போர்ட்டை நினைவக இடமாகக் கருதுவது. நினைவகத்தில் எழுதியது அப்படியே திரும்பக் கிடைக்கும். போர்ட்டில் அதற்கு எந்த உறுதியும் இல்லை. போர்ட் 4-ஐப் படித்தால் எந்தக் குறுக்கீடு நிகழ்ந்தது, ஆன் விசை அழுத்தப்பட்டுள்ளதா என்பன தெரியவரும். அதே போர்ட்டில் எழுதினாலோ நினைவக அமைப்பு முறையும் டைமரின் வேகமும் மாறும். ஆகவே, ஒரு பிட்டை மட்டும் மாற்றும் எண்ணத்தில் மதிப்பைப் படித்து, திருத்தி, திரும்ப எழுதும் வழக்கமான உத்தி இங்கே நிலைமைத் தகவலைக் கட்டளையாக அனுப்பிவிடுகிறது. கால்குலேட்டர் உறைந்துபோனால், பலரும் போர்ட்டை விட்டுவிட்டு நிரலின் வேறு பகுதிகளில் பிழை தேடுகிறார்கள்.

தெரியாத போர்ட்டுகளைக் கண்டறிய 0 முதல் 255 வரையுள்ள எல்லாப் போர்ட்டுகளிலும் சுழற்சியில் மதிப்புகளை எழுதிப் பார்ப்பதும் வீண் வேலை. பயனர் நிரல் இயங்கும் நினைவகப் பகுதியில் எந்தப் பக்கம் தெரியவேண்டும் என்பதைப் போர்ட் 7 தீர்மானிப்பதால், சுழற்சி அங்கே வந்ததும் நிரல் தன் காலடி நிலத்தையே இழக்கக்கூடும். படித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குவதே முறை. எழுதுவதானால் ஒரு போர்ட், ஒரு மதிப்பு என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுதியும் எதுவும் மாறவில்லையெனில் அந்தப் போர்ட் இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஃபிளாஷ் நினைவகப் பாதுகாப்பு தொடர்பான போர்ட்டுகள், சிறப்புரிமை பெற்ற ஃபிளாஷ் பக்கங்களிலிருந்து குறிப்பிட்ட கட்டளை வரிசையில் எழுதினால்தான் மதிப்பை ஏற்கும்.

ஒரு மாடலில் கண்டதைக் குடும்பம் முழுமைக்கும் பொருத்துவது அடுத்த தவறு. அடிப்படை டிஐ-83 பிளஸ் 6 மெகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றும் போர்ட் அதன் மேம்பட்ட வடிவமான சில்வர் எடிஷனிலும் டிஐ-84 பிளஸிலும்தான் உண்டு. போர்ட் 2-இன் மேல்முனைப் பிட் அடிப்படை மாடலில் 0, மற்ற இரண்டிலும் 1 என்பதால், அதைப் பார்த்தபின் வேகத்தைத் தொடுவது நல்லது. ஒரே பெயருள்ள கருவிகளும் ஒன்றுபோல இருப்பதில்லை: டிஐ-84 பிளஸின் முந்தைய தயாரிப்புகளில் 128 கிலோபைட் ரேம் இருந்தது, பிந்தையவற்றில் 48 கிலோபைட்டாகக் குறைந்தது. கூடுதல் பக்கங்களை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் புதிய கருவிகளில் பொய்த்தன.

வேகத்தை உயர்த்தியவர்கள் திரையை மறந்துவிடுவதும் உண்டு. எல்சிடி கட்டுப்படுத்திக்கு இரு கட்டளைகளுக்கிடையே ஏறத்தாழ 10 மைக்ரோவினாடி அவகாசம் தேவை. அது 6 மெகாஹெர்ட்ஸில் 60 கடிகாரச் சுழற்சிகள், 15 மெகாஹெர்ட்ஸில் 150. சுழற்சிகளை எண்ணித் தாமதம் வைத்த பழைய நிரல் வேகமான முறையில் ஓடும்போது படம் சிதைவது இதனால்தான்.

எமுலேட்டரில் (கால்குலேட்டரைப் போலவே கணினியில் நடிக்கும் மென்பொருளில்) ஓடியதை ஆதாரமாகக் காட்டுவது என் பார்வையில் மிகவும் ஏமாற்றும் பழக்கம். ஏற்கெனவே கண்டறிந்தவற்றைக் கொண்டே எமுலேட்டர் எழுதப்படுகிறது. ஆவணமில்லாத போர்ட்டைப் பற்றி அதனிடம் கேட்டால், அதை எழுதியவரின் ஊகமே விடையாக வரும். உண்மையான கருவியில், அதன் வன்பொருள் பதிப்பையும் இயங்குதளப் பதிப்பையும் குறித்துவைத்துச் சோதித்த முடிவையே பிறருக்குச் சொல்லலாம்.