முதல் போடும் முன் டீசல் நோட்டைப் பாருங்கள்

வளரும் நாடுகளில் தனியார் தொழில் தொடங்க வருபவர்களுக்குத் திட்டக் கணக்குப் போட்டுத் தருவது என் வேலை. இயந்திரத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, எத்தனையாவது மாதத்தில் கையைக் கடிக்காமல் நிற்கும் என்று பார்த்துச் சொல்வேன். பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். ஆரம்ப காலத்தில் நான் கணக்குப் போட்டுக் கொடுத்த அட்டைப்பெட்டி ஆலை ஒன்று பதினான்கே மாதத்தில் மூடப்பட்டது. இயந்திரம் நல்ல இயந்திரம், ஆட்களும் நல்லவர்கள், ஆர்டரும் இருந்தது. நான் அந்த நாட்டின் சட்டத்தையும் கட்டணப் பட்டியலையும் படித்துக் கணக்குப் போட்டிருந்தேன். அங்கே தொழில் நடத்துகிற ஒருவரோடும் உட்கார்ந்து பேசவில்லை. பணம் போட்டவர் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். அதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நாடாக இருந்தாலும், கீழே சொல்கிறபடி விசாரித்துவிட்டுத்தான் கணக்கைத் திறக்கிறேன்.

முதலில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. உலக வங்கி பல நாடுகளில் நிறுவனங்களை நேரில் கண்டு கேள்வி கேட்டு நடத்தும் ‘எண்டர்பிரைஸ் சர்வே’ என்ற ஆய்வு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாதத்துக்கு எத்தனை முறை மின்சாரம் போகிறது, கஸ்டம்ஸில் சரக்கு எத்தனை நாள் கிடக்கிறது, அதிகாரிகளுக்கு ‘அன்பளிப்பு’ எதிர்பார்க்கப்படுகிறதா, மேலாளரின் நேரத்தில் எவ்வளவு அரசு விதிமுறைகளோடு கழிகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். உங்கள் நாட்டின் பக்கத்தைத் திறந்து, சிறு நிறுவனங்களுக்கான எண்களைப் பாருங்கள். ஆய்வு எந்த வருடத்தது என்பதையும் பாருங்கள். சில நாடுகளுக்கு அது பழையதாக இருக்கும்.

தரவரிசைகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உலக வங்கியின் ‘டூயிங் பிசினஸ்’ பட்டியலில் ஒரு நாடு பத்து இடம் முன்னேறினால் அமைச்சர்கள் விழா எடுத்த காலம் உண்டு. 2018, 2020 பதிப்புகளின் தரவில் முறைகேடு இருந்தது தெரியவந்து, 2021 செப்டம்பரில் அதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக ‘பி-ரெடி’ என்ற அறிக்கை 2024இல் 50 நாடுகளோடு தொடங்கியது. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல், அரசு சேவை எப்படி இருக்கிறது, நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையும் தனித்தனியாகப் பார்ப்பதால் இது எனக்குக் கொஞ்சம் மனநிறைவு தருகிறது.

ஆனால் இந்த எண்கள் எல்லாமே சராசரி. மேரி ஹால்வார்ட்-டிரைமையர், லான்ட் பிரிட்செட் என்ற இருவர் 2015இல் எழுதிய கட்டுரை ஒன்று என் வேலைக்கே அடித்தளம். சட்டப்படி கட்டட அனுமதிக்கு ஆக வேண்டிய நாட்களையும், நிறுவனங்கள் தங்களுக்கு ஆனதாகச் சொன்ன நாட்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் ஒட்டே இல்லை. அதைவிட முக்கியமாக, ஒரே நாட்டில், ஒரே அனுமதிக்கு, ஒருவருக்குச் சில நாட்களிலும் இன்னொருவருக்குப் பல மாதங்களிலும் வேலை முடிகிறது. எழுதிய விதி எல்லாருக்கும் ஒன்றுதான். நடப்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ‘இந்த நாட்டில் எத்தனை நாள் ஆகும்’ என்று கேட்காதீர்கள். உங்களைப் போல, உங்கள் அளவில், பின்னால் யாரும் இல்லாத ஒருவருக்கு எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள்.

அப்படிப்பட்ட நாலைந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். அதே தொழிலில் இருப்பவர் உங்களைப் போட்டியாகப் பார்ப்பார், பேச மாட்டார். பக்கத்துத் தொழிலில் இருப்பவரைப் பாருங்கள். நீங்கள் பெட்டி செய்யப் போகிறீர்கள் என்றால் மரச்சாமான் செய்பவர், பிளாஸ்டிக் வார்ப்பவர். சரக்கு எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், துறைமுகத்தின் நாடித்துடிப்பு அவருக்குத்தான் தெரியும். கேட்கிற விதமும் முக்கியம். ‘இங்கே தொழில் செய்வது கஷ்டமா’ என்றால் எல்லாரும் கஷ்டம் என்றுதான் சொல்வார்கள். ‘கடைசியாக வந்த கன்டெய்னர் எந்தத் தேதியில் இறங்கியது, எந்தத் தேதியில் உங்கள் வாசலுக்கு வந்தது’ என்று கேட்டால் ஆள் நோட்டைப் புரட்டுவார். அந்த நோட்டுதான் நமக்கு வேண்டும்.

எல்லா நோட்டுகளிலும் நான் முதலில் கேட்பது ஜெனரேட்டர் அறையில் ஆணியில் தொங்கும் டீசல் நோட்டை. பிளாஸ்டிக் வார்க்கும் சிறு ஆலை ஒன்றில் பார்த்த ஒரு பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு. ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரே, மின்சாரம் போன நேரம் இரண்டு வரியில்: காலை 9.40 முதல் 11.15 வரை, மதியம் 2.05 முதல் 5.50 வரை. மொத்தம் ஐந்து மணி இருபது நிமிடம். பக்கத்தில் ஊற்றிய டீசல், மீட்டர் ஓடிய மணி. கடைசியில் பென்சிலால் யாரோ சேர்த்திருந்த ஒரு கட்டம்: ‘கழிவு 11 கிலோ’. அது என்ன என்று கேட்டேன். இயந்திரம் நாலு, ஜெனரேட்டர் இழுப்பது இரண்டைத்தான். மற்ற இரண்டும் அப்படியே நின்றுவிடும், உள்ளே உருகிய பிளாஸ்டிக் இறுகிப் போகும். மின்சாரம் வந்ததும் மறுபடி சூடேற்றி, கெட்டுப்போனதைப் பிதுக்கித் தள்ளி, நல்ல உருப்படி விழ அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பதினொரு கிலோ எந்த அரசு அறிக்கையிலும் வராது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நல்ல நிலையில் இருக்கிற ஜெனரேட்டர் ஒரு யூனிட் தர ஏறக்குறைய 0.3 லிட்டர் டீசல் குடிக்கும். பழசானாலோ, பாதிச் சுமையில் ஓடினாலோ இன்னும் கூடும். உங்கள் இயந்திரங்களுக்கு மணிக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள், நோட்டில் இருக்கும் மணி நேரத்தால் பெருக்குங்கள், டீசல் விலையைப் போடுங்கள். அந்த மின்சாரம் பெரும்பாலும் கம்பியில் வருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஒரு மாத நோட்டு போதாது. கோடை மாதம் ஒன்று, மழை மாதம் ஒன்று என்று இரண்டு மாத நோட்டாவது பாருங்கள். நோட்டே இல்லை என்றால், ஜெனரேட்டரில் இருக்கும் மணி மீட்டரையும் அதை வாங்கிய தேதியையும் வைத்துச் சராசரி எடுத்துவிடலாம்.

அடுத்தது வசூல். மூடப்பட்ட ஆலைகள் பலவற்றின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். நஷ்டத்தால் செத்ததைவிட, லாபத்தோடு ஓடிக்கொண்டிருந்து பாக்கி வராமல் செத்தவைதான் அதிகம். ஒப்பந்தத்தில் முப்பது நாள் என்று இருக்கும், பணம் வருவது தொண்ணூறாவது நாள். நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். போனவரைக் கேளுங்கள், எத்தனை வாய்தா என்று விரல் விட்டுச் சொல்வார். எனவே கணக்கை இப்படிப் போடுங்கள். மாத விற்பனை 100 என்று வையுங்கள். மூலப்பொருள் 60, கூலி 15, இரண்டையும் கையிலிருந்து உடனே கொடுத்தாக வேண்டும். விற்ற பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது என்றால், முதல் காசைப் பார்க்கும் முன் 225 வெளியே போயிருக்கும். ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் கடன் வாங்கியிருந்தால் மாதம் 4.5 வட்டிக்கே போகும். வாடகை, டீசல், வரி எல்லாவற்றுக்கும் மிச்சமிருக்கும் 25இலிருந்துதான் அதுவும் போக வேண்டும். அரசுத் துறைக்கு விற்பதாக இருந்தால் தொண்ணூறை நூற்றெண்பது என்று மாற்றி ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்த ஆர்டர் வேண்டாம். சின்ன வாடிக்கையாளர் இருபது பேர், முன்பணம் தருபவர்கள், அவர்களிடம் போங்கள்.

அனுமதிகள் பற்றி. பொருளியலாளர் ஹெர்னான்டோ டி சோட்டோவின் குழு 1980களில் பெருவின் தலைநகர் லிமாவில் ஒரு சிறிய தையற்கூடத்தைச் சட்டப்படி பதிவுசெய்து பார்த்தது. 289 நாள் ஆனது. பத்து முறை லஞ்சம் கேட்டார்கள், இரண்டு இடத்தில் கொடுக்காமல் கோப்பு நகரவே இல்லை. இன்று பல நாடுகளில் கம்பெனிப் பதிவு இணையத்தில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆனால் பதிவு வேறு, தொழிலை ஓட்டுவதற்கான அனுமதி வேறு. தீயணைப்பு, சுற்றுச்சூழல், மின் இணைப்பு, கட்டட நிறைவு என்று வரிசையாக இருக்கும், ஒன்று இல்லாமல் இன்னொன்று கிடைக்காது. எது எதற்கு முன் வேண்டும் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள். இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் தேதியை அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அட்டைப்பெட்டி ஆலையில் நான் செய்த பெரிய தவறு இதுதான். இயந்திரம் வந்து தார்பாய்க்குள் ஐந்து மாதம் கிடந்தது, மின் இணைப்பு வரவில்லை. வங்கி வட்டி மட்டும் தவறாமல் ஓடியது.

லஞ்சம் கேட்டால் என்ன செய்வது என்று எல்லாரும் என்னிடம் தனியாக வந்து கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன், அதற்கான வழியோடு. கோப்பைக் குறையில்லாமல் முதல் நாளே கொடுங்கள், இரண்டு பிரதியாக. ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். குறை இருக்கிறது என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பாதிக் குறைகள் காணாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படிச் செய்தால் தாமதமாகும், உண்மைதான். அந்தத் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கணக்கில் மூன்று மாதச் செலவாகச் சேர்த்துவிடுங்கள். அப்போது கையில் காசில்லாத அவசரத்தில் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்காது. உங்கள் பங்குதாரர் வெளிநாட்டுக்காரர் என்றால் இன்னொன்றும் உண்டு. 1977ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் பிரிட்டன் சட்டமும் வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைத் தண்டிக்கின்றன. பிரிட்டன் சட்டம் வேலையை வேகப்படுத்தக் கொடுக்கும் சில்லறைத் தொகைக்குக்கூட விலக்குத் தருவதில்லை.

மூலப்பொருளை இறக்குமதி செய்பவர் டாலர் நிலவரத்தையும் பார்த்தாக வேண்டும். நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்கு வரும் என்பதை மத்திய வங்கியின் அறிக்கையிலிருந்து எடுங்கள். மூன்று மாதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது எரிபொருளுக்கே வழியில்லை. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தினார்கள். எல்.சி., அதாவது வெளிநாட்டில் சரக்கு விற்பவருக்குப் பணம் வரும் என்று நம் வங்கி தரும் உறுதிக் கடிதம், திறக்க முடியாமல் தொழில்கள் நின்றன. உள்ளூர் வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன மாதம் சிறு இறக்குமதியாளர் ஒருவருக்கு எல்.சி. திறக்க எத்தனை நாள் ஆனது?

அப்புறம், உங்கள் சந்தையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். துனிசியாவில் 2011இல் வீழ்ந்த அதிபர் பென் அலியின் குடும்பத்தோடு தொடர்புடைய 220 நிறுவனங்களை உலக வங்கி ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். நாட்டின் தனியார் துறை லாபத்தில் 21 சதவீதம் அவற்றின் கைக்குப் போயிருந்தது, வேலை கொடுத்ததோ 1 சதவீதம் அளவில். லைசென்ஸ் வாங்கித்தான் நுழைய வேண்டும் என்று விதி வைத்திருந்த துறைகளில்தான் அவை குவிந்திருந்தன. நீங்கள் போகும் துறையில் கடந்த ஐந்து வருடத்தில் புதிதாக நுழைந்து நிலைத்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால் வேறு துறையைப் பாருங்கள்.

நிலத்தை வாங்காதீர்கள், முதல் மூன்று வருடம் வாடகைக்கு எடுங்கள். வரிக்கு உள்ளூர் ஆடிட்டரை முதல் மாதத்திலேயே வையுங்கள்.

கடைசியாகச் சந்திக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அந்த நாட்டில் தொழிலை மூடியவர். தொடங்கியவர்கள் நம்பிக்கையோடு பேசுவார்கள், மூடியவர் தேதியோடு பேசுவார். நான் பார்த்த ஒருவர் மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். தொழிலாளர்களுக்குக் கணக்கு முடித்த ரசீதுகள் எல்லாம் முதல் பக்கங்களிலேயே இருந்தன, ஒருவர் பாக்கியில்லை. கடைசி இயந்திரத்தை விற்று நாலு வருடம் ஆகியிருந்தது. வரி பாக்கி இல்லை என்ற சான்று மட்டும் வரவில்லை. அதனால் கம்பெனியின் பெயர் இன்னும் பதிவேட்டில் இருந்தது, ஆண்டுதோறும் ஓடாத கம்பெனிக்குக் கணக்குத் தாக்கல் செய்து கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நாலு வருடக் கட்டணத்தையும் நான் என் திட்டக் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொண்டேன். இப்போதும் ஒவ்வொரு திட்டத்திலும் அந்த வரி இருக்கிறது.