‘முறுக்கு’ சீறினால் என்ன செய்வது? வளர்ப்புப் பாம்பைக் கையில் எடுக்கப் பழகுதல்

போன கிழமை பக்கத்து வீட்டு அன்ரி எங்கள் விறாந்தையில் வந்து இருந்தா. அங்கும் இங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, நீ கனடாவில பாம்பு தூக்கினனியாமே? என்ர பேரனும் ஒண்டு வளர்க்கிறானாம். மூண்டு மாதம் அந்த வீட்டில நான் எப்பிடி இருக்கிறது?" என்று கேட்டா.

விசா வந்துவிட்டது, ரிக்கற்றும் போட்டாயிற்று. கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவ. நாகதம்பிரானுக்குப் பால் வைப்பா, வேலிக்குள் சரசரத்தால் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஓடுவா. பாம்போடு அவவுக்கு இருந்த உறவு அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஸ்காபரோவில் அண்ணா வீட்டில் ஐந்து மாதம் நிற்கும்வரை. அண்ணாவின் மகள் வளர்க்கும் பாம்பின் பெயர் முறுக்கு. அன்ரிக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்க முதல்: இது ஊர்ப் பாம்புக்கு இல்லை

முறுக்கு ஒரு போல் பைதன் (ball python), மலைப்பாம்பில் ஒரு வகை. மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த நஞ்சில்லாத இனம். வளர்ந்தால் 3 முதல் 5 அடி வரும், கூண்டில் 20, 30 வருடம்கூட இருக்கும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். 'போல்', அதாவது பந்து, என்ற பெயர் வந்ததும் அதனால்தான்.

எங்கள் வளவுகளில் இருப்பது வேறு கூட்டம். நாகம், கண்ணாடிப் புடையன், சுருட்டை, எண்ணெய் விரியன். வீட்டுக்குள் வரும் நஞ்சில்லாத ஒரு சிறு பாம்புக்கும் எண்ணெய் விரியனுக்கும் உடம்பில் பட்டை ஏறக்குறைய ஒரேமாதிரி. விளக்கு வெளிச்சத்தில் பிரித்தறிய நம்மால் ஏலாது. ஆகவே இங்கே எதையும் தொட்டுப் பழக வேண்டாம். வெங்கிணாந்தி, அதாவது எங்கள் ஊர் மலைப்பாம்பின் குட்டி அழகாக இருக்கிறது என்று பிடித்து வைப்பதும் வேண்டாம், அது சட்டம் பாதுகாக்கும் விலங்கு. இங்கே பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், 1990 அம்புலன்ஸுக்கு அடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 1: பெல்ட்

சிரிக்க வேண்டாம். இதுதான் முக்கியமான படி, அதை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே செய்யலாம்.

அப்பாவின் பழைய தோல் பெல்ட்டைச் சுருட்டி ஒரு பனையோலைப் பெட்டிக்குள் போட்டேன். அன்ரி செய்யவேண்டியது ஒன்றுதான்: பக்கவாட்டால் கையைக் கொண்டுபோய், பெல்ட்டின் நடுப்பகுதிக்குக் கீழே விரல்களைச் செருகி, இடையில் நிற்காமல் தூக்கவேண்டும்.

கை போனது. பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. திரும்ப வந்தது. மறுபடியும் போய் அதே இடத்தில் நின்றது. காப்பு மட்டும் கிணுகிணுத்தது.

"பெல்ட்தானே அன்ரி."

"எனக்குத் தெரியும் பிள்ளை. கைக்குத் தெரியேல்லையே."

அவ சொன்னது சரி. பயம் மனதில் மட்டும் இல்லை, அந்த ஒரு சாண் தூரத்திலும் இருக்கிறது. கடி வாங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். பாம்புக்கு நுணுக்கமாகப் பார்க்கத் தெரியாது, அசைவு நன்றாகத் தெரியும். போய், நின்று, பின்வாங்கி, திரும்பவும் வருகிற கை அதற்குத் தன்னைப் பிடிக்க வரும் ஏதோ ஒன்றின் கை. மேலே இருந்து இறங்கினால் இன்னும் மோசம், பருந்து வருவதும் அப்படித்தானே. மெதுவாக, ஆனால் நிற்காமல் போகும் கைக்குப் பாம்பு அவ்வளவாகப் பதறாது.

பயம் போனபிறகு தூக்கலாம் என்று காத்திருந்தால் தூக்கவே மாட்டீர்கள். பயத்தோடேயே கை நிற்காமல் போகப் பழகவேண்டும். மூச்சை வெளியே விடும்போது கையை நகர்த்துங்கள், மூச்சைப் பிடித்தால் கையும் நின்றுவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் செய்தால் போதும்.

படி 2: எப்போது தொடக்கூடாது

புதிதாக வந்த பாம்பென்றால் ஒரு கிழமை, பத்து நாள் தொடாமல் விடுங்கள். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கட்டும். சாப்பிட்டபின் 48 மணித்தியாலம் தொடக்கூடாது, விழுங்கியதைக் கக்கிவிடும். கண் பால்போல மங்கியிருந்தால் தோல் உரிக்கப்போகிறது. அந்த நாட்களில் அதற்குப் பார்வை மங்கல், எரிச்சலும் கூட.

கழுத்தை வளைத்துப் பின்னிழுத்துச் சீறினால் "கிட்ட வராதே" என்கிறது. சுருண்டு தலையை ஒளித்தால் பயந்திருக்கிறது. நாக்கை ஆறுதலாக நீட்டி நீட்டி எடுத்தால் சுற்றுமுற்றும் மணம் பிடித்துப் பார்க்கிறது, அதுதான் உங்களுக்கு நல்ல நேரம். எப்போதும் சீறிக்கொண்டே இருக்கும் பாம்பென்றால் கூட்டைப் பாருங்கள். ஒளிவதற்கு இடம் இருக்கிறதா? சூடான பக்கம் 32 பாகை அளவில் இருக்கிறதா? ஒளிய இடமில்லாத பாம்பைப் பழக்குகிறேன் என்று நிற்பது வீண்வேலை.

படி 3: கையைக் கழுவி, தட்டிச் சொல்லி

போல் பைதனின் உதட்டோரம் சூட்டை உணரும் குழிகள் உண்டு. எலி மணக்கும் சூடான கை அதற்குச் சாப்பாடு. அதனால் முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். பிறகு கடதாசியைக் குழல்போலச் சுருட்டி, பாம்பின் உடம்பில் மெல்லத் தட்டுங்கள். கூடு திறந்தாலே சாப்பாடு என்று அது பழகியிருக்கும். இந்தத் தட்டல் "இப்ப சாப்பாடு இல்லை" என்று சொல்லும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. நான் முதல் கிழமை முழுக்க "முறுக்கு, முறுக்கு" என்று கொஞ்சிக்கொண்டு நின்றேன்.

படி 4: தூக்குதல்

பெல்ட்டுக்குச் செய்ததேதான். தலையைப் பிடிக்கவேண்டாம், வாலில் தூக்கவேண்டாம். ஒரு கை உடம்பின் நடுவில், மற்றக் கை பின்பகுதிக்குக் கீழே. இறுக்கினால் விலகப் பார்க்கும். கையை மரக்கிளைபோலக் கொடுத்தால் தானே பற்றிக்கொள்ளும். தோல் வழுவழுக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்து, குளிர்ந்து, தோல் பை மாதிரி இருந்தது.

நிலத்தில் இருந்துகொண்டு செய்யுங்கள், விழுந்தாலும் அடிபடாது. முதல் நாட்களில் 5 நிமிடம், கிழமைக்கு இரண்டு மூன்று தரம். அது அமைதியாக இருக்கும்போது திருப்பி விடுங்கள். சீறியதும் விட்டால், சீறினால் விடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். தொடக்கத்தில் கையுறை போடலாம், ஆனால் கெதியாகக் கழற்றிவிடுங்கள். கையுறையால் பாம்பின் அசைவு தெரியாது.

படி 5: கடித்துவிட்டால்

எனக்குக் கடித்தது மூன்றாம் கிழமை. தட்டவும் இல்லை, பக்கவாட்டால் போகவும் இல்லை. மேலே இருந்து கையை இறக்கி, பாதியில் பயந்து நிறுத்தி, திரும்பவும் இறக்கினேன். கண்ணால் காணவில்லை, 'டப்' என்று ஒரு தட்டு மட்டும் தெரிந்தது. "மாமி, கையை இழுக்காதேங்கோ!" என்று மருமகள் கத்தினாள். இழுப்பதற்குள் அது விட்டுவிட்டது. புறங்கையில் வளைவாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கருக்கு மட்டை கீறியிருந்தால் இதைவிடக் கூட இரத்தம் வந்திருக்கும். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போதுமாக இருந்தன. ஏற்புத் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்.

இது பயத்தில் கடிப்பது, கடித்தவுடன் விட்டுவிடும். சாப்பாடென்று நினைத்துக் கடித்தால் விடாது, கையைச் சுற்றிக்கொள்ளும். அப்போதும் இழுக்கக்கூடாது. பற்கள் உட்பக்கமாக வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும் அதன் பல்லும் முறியும். குளிர்ந்த தண்ணீரை அதன் தலையில் ஓடவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். இல்லையென்றால் வாய் ஓரத்தில் வாய் கொப்பளிக்கும் மருந்து ஒரு சொட்டு. பிறகு வால் பக்கமிருந்து சுற்றைக் கழற்றுங்கள்.

கடி வாங்கிய அன்று இரவே முறுக்கைத் திரும்பத் தூக்கினேன். வீரமில்லை, மருமகள் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஒரு சாணில் கை நின்றதில்லை. ஊருக்கு வந்து கிடுகுக்குள் சாரையைக் கண்டதும் நான் ஓடிய ஓட்டம் வேறு கதை.

அன்ரி போகும்போது பெட்டியையும் பெல்ட்டையும் வாங்கிக்கொண்டு போனா. நேற்றுப் பின்னேரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பெல்ட் மெல்லிசாம். ஒரு முழம் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பெட்டிக்குள் போட்டு, கடதாசிக் குழலால் தட்டிக்கொண்டிருந்தா.