304 வராத ஃபீட்: ஈடேக்கில் ஒட்டியிருந்த வால்

சொந்த சர்வரில் ஓடும் சின்ன ஃபீட் ரீடர் (தளங்களின் புதுப் பதிவுகளைத் திரட்டும் நிரல்): ஒரு பைதான் ஸ்கிரிப்ட், டேட்டாபேஸாக ஒரு எஸ்கியூலைட் கோப்பு, மணிக்கொரு முறை அதை ஓட்டும் க்ரான். மாறாத ஃபீடுக்கு 304, அதாவது கோப்பில்லாமல் 'மாறவில்லை' என்ற பதில் மட்டும், வர வேண்டும். சில தளங்கள் மட்டும் எப்போதும் 200 சொல்லி முழுக் கோப்பையும் அனுப்பின. ஒன்று கடைசியில் 429 ('அளவுக்கு மீறிக் கேட்கிறாய்') போட்டுக் கதவைச் சாத்தியது.

ஈடேக் என்பது கோப்பின் பதிப்புக்கு சர்வர் தரும் அடையாளக் குறி. அதைச் சேமித்து, அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்புவேன், பொருந்தினால் 304. முதல் சந்தேகம் டேட்டாபேஸ் மேல். ஈடேக்கின் இரட்டை மேற்கோள் சேமிக்கும்போது கழன்றதா? இல்லை, அப்படியே இருந்தது. 'இந்தத் தேதிக்குப் பின் மாறியதா' என்று கேட்கும் இஃப்-மாடிஃபைட்-சின்ஸையும் சேர்த்து அனுப்பினேன். பலனில்லை, இஃப்-நன்-மேட்ச் இருந்தால் சர்வர் தேதியைக் கண்டுகொள்ளாது, விதியே அதுதான்.

கட்டளை வரிக் கருவியான கர்லில் ஃபீடை எடுத்து, அப்போது வந்த ஈடேக்கையே திருப்பி அனுப்பினால் 304 உடனே வந்தது! கர்ல் நாம் சொல்லாமல் ஜீஸிப் சுருக்கம் கேட்காது. என் ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் கேட்கும். இரண்டு ஹெடரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுருக்கி வந்ததில், மூடும் மேற்கோளுக்கு முன்னால் '-ஜீஸிப்' என்று ஒரு வால். அப்பாச்சி 2.4 வெப் சர்வரில் சுருக்கும் வேலை செய்யும் மாட்-டிஃப்ளேட் இதை இயல்பாகவே ஒட்டும். சரிபார்ப்பதோ வாலில்லாத மூல ஈடேக்கோடு. எங்கே பொருந்தும்?

சர்வர் நம்முடையது என்றால் டிஃப்ளேட்-ஆல்டர்-ஈடேக் என்ற அமைப்பை நோ-சேஞ்ச் ஆக்கி, வால் ஒட்டாமல் செய்யலாம். அடுத்தவர் தளத்தில் முடியாதே. அதனால் இஃப்-நன்-மேட்சில் இரண்டையும் கமா போட்டு அனுப்புகிறேன்: வந்தபடி ஒன்று, வால் வெட்டியது ஒன்று. டேட்டாபேஸில் வந்தபடிதான் இருக்கும். அடுத்த ஓட்டத்திலேயே 304 வந்தது, அப்பாடா.

இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் சுருக்கும்போது ஈடேக்கின் முன்னால் 'டபிள்யூ/' சேர்க்கும். அதில் கை வைக்க வேண்டாம். அப்படியே அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும்.