ஆறாத புண்ணும் அவசரக் கையெழுத்தும்

“வெயிலிலேயே வளர்ந்த கறுத்த தோல், நமக்கு ஏது தோல் புற்றுநோய்?” என்ற பேச்சை வள்ளியூர் முதல் சங்கரன்கோவில் வரை கேட்கலாம். இதில் பாதி உண்மை. மெலனின் நிறமி நம்மைக் காக்கிறது. வெளிர்தோல் உள்ளவர்களைவிட நமக்கு இந்நோய் குறைவு. ஆனால் வெயில் படாத இடத்திலும் இது வரும். நம் போன்ற தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோதான் தோன்றுகிறது. வயலில் வெறுங்காலோடு நடப்பவர் அதைக் கால் ஆணி என்று எண்ணி, பிளேடால் சீவி, எருக்கம்பால் வைத்து மாதக்கணக்கில் காலம் கடத்திவிடுகிறார். பாடகர் பாப் மார்லியின் கால்விரலில் வந்ததும் இதே வகைதான். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

பழைய தீக்காயத் தழும்பில் பல ஆண்டுகள் கழித்து வெடிக்கும் புண்ணும், வேட்டியோ பாவாடை நாடாவோ இறுக்கும் இடுப்பில் ஆறாமல் நிற்கும் புண்ணும் அப்படியே அஞ்சத்தக்கவை. சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு வேண்டிக்கொள்ளுங்கள். திறந்த புண்ணில் பூச வேண்டாம். மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும். பூச்சு புண்ணின் உருவையும் மறைத்துவிடும்.

என்னை மிகவும் வருத்துவது “கத்தி பட்டால் பரவிவிடும்” என்ற அச்சம். சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதைத் தள்ளிப்போடுவதால்தான் நோய் முற்றுகிறது. எடுத்த துணுக்கை ஆய்வகம் மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருக்கும். பாளையங்கோட்டையில் சோதித்துவிட்டு மதுரைக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். மரபணுவில் நேர்ந்த மாற்றத்தை அறியும் சோதனையை அதிலேயே செய்யலாம். புதிய மருந்தின் ஆய்வில் ஒருவரைச் சேர்க்கலாமா என்பதும் பல நேரம் அதைப் பார்த்தே முடிவாகிறது.

அரிய தோல் நோய்களில் வேறொரு தவறு நடக்கிறது. குழந்தைக்கு இரண்டு வயதுக்குள்ளேயே முகத்தில் புள்ளிகள் அடர்ந்து, வெளிச்சத்தில் கண் கூசினால், நாகதோஷம் என்று பரிகாரம் தேடி அலைகிறார்கள். தாயைக் குறை சொல்கிறார்கள். அது ஜீரோடெர்மா பிக்மெண்டோசமாக இருக்கலாம். புற ஊதாக் கதிரால் டி.என்.ஏ.வில் விழும் பழுதைச் சரிசெய்யும் திறன் அந்தக் குழந்தையின் உடலுக்கு இல்லை. இதை ஆய்வாளர் ஜேம்ஸ் கிளீவர் 1968இல் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணம் முடிப்பது வழக்கமான ஊர்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பும் என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. வீட்டுக்குள் வைத்திருந்தால் போதும் என்பதும் தவறு. சாதாரண சன்னல் கண்ணாடியைத் தாண்டியும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி உள்ளே வரும்.

இனி மருந்து ஆய்வு. “ஆய்வில் சேர்கிறீர்களா?” என்று மருத்துவர் கேட்டதும் ஒரு குடும்பம் ‘சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்’ என்று எழுந்து போய்விடுகிறது. இன்னொரு குடும்பம் ‘டாக்டர் சொன்னால் சரி’ என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறது. இரண்டாவதைத்தான் நான் கூடுதலாக அஞ்சுகிறேன். ஆய்வும் சிகிச்சையும் ஒன்றல்ல. புதிய மருந்து யாருக்கு, பழைய சிகிச்சை யாருக்கு என்பதைப் பல ஆய்வுகளில் குலுக்கல் முறையே தீர்மானிக்கும்; கிடைக்கும் மருந்து பலிக்காமலும் போகலாம். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. புதிய மருந்துகளின் ஆய்வை சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். அந்தப் பதிவெண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சேர்ந்த பிறகு, உண்ணும் லேகியத்தையும் பஸ்பத்தையும் மறைக்காதீர்கள். கல்லீரல் பாதித்தால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்கு உரியது. ஆய்வில் சேர்ந்தவர்களின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும், ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் கிடைக்கும் இலவச சிகிச்சையும் இழப்பீடும் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள்.