குடலிறக்கம்: படுத்தால் உள்ளே போகிறதா என்று பாருங்கள்

சேலத்தில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஹெர்னியா என்கிற குடலிறக்கத்தோடு வருபவர்களில் லீ பஜாரில் மூட்டை தூக்குபவர்கள் உண்டு, தறி ஓட்டுபவர்கள் உண்டு, ஆயுளில் ஒரு மூட்டையைக்கூடத் தொடாத ஓய்வுபெற்ற வாத்தியார்களும் உண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனதும் கூட இருப்பவர்கள் மெதுவாக வந்து என்னிடம் கேட்பதற்கெல்லாம் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயிற்றுச் சுவரில் தசை பலவீனமான இடத்தில் உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ வெளியே தள்ளிக்கொண்டு வருவதுதான் ஹெர்னியா. தேய்ந்த டயரில் டியூப் பிதுங்குமே, அந்த மாதிரி. ஆண்களுக்குப் பெரும்பாலும் அடிவயிறும் தொடையும் சேரும் இடுக்கில் வரும். கருவில் இருக்கும்போது விரை வயிற்றுக்குள்ளிருந்து இறங்கி வந்த வழி அது, அதனால் அந்த இடம் கொஞ்சம் லேசானது. ஏறக்குறைய நான்கு ஆண்களில் ஒருவருக்கு ஆயுளில் எப்போதாவது இது வருகிறது, எனவே வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பெண்களுக்குத் தொப்புளிலும், சிசேரியன் போன்ற பழைய ஆபரேஷன் தழும்பிலும் அதிகம் பார்க்கிறோம். தொடையின் மேற்பகுதியில் நெல்லிக்காய் அளவில் வரும் ஒரு வகையும் உண்டு. அது பெண்களுக்கே அதிகம் வரும், சிறியதாக இருந்தாலும் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

பாரம் தூக்குவது மட்டும் காரணம் இல்லை. பீடி இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், ப்ராஸ்டேட் வீங்கி முக்கி முக்கிச் சிறுநீர் போவது, உடல் எடை எல்லாம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மூட்டையை விட்டவர் பீடியை விடாமல் இருந்தால் பாதி வேலைதான் ஆனது.

வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. நின்று இருமினால் வீக்கம் தெரிகிறதா, மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடுகிறதா? போனால் அவசரம் இல்லை, ஆனால் சர்ஜனிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். விரையில் நீர் கோத்திருந்தாலும் வீக்கம் வரும் என்பதால் நீங்களாகவே பெயர் வைக்க வேண்டாம். தொந்தரவே இல்லாத ஆண்களை டாக்டர் சில காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்வதும் உண்டு. ஆனால் மாத்திரையிலோ கஷாயத்திலோ ஓட்டை மூடாது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் பெல்ட் வீக்கத்தை அழுத்திப் பிடிக்குமே தவிர, குணப்படுத்தாது.

பழகிப்போவதுதான் இதில் ஆபத்து. ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும், ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் லுங்கிக்கு மேலேயே உள்ளங்கையால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டுத்தான் தோளைக் கொடுப்பாராம். பல வருடப் பழக்கம். ஒருநாள் விடியற்காலையில் அவர் மனைவி கூட்டிவந்தார். "சிஸ்டர், ராத்திரியிலிருந்து உள்ள போகமாட்டேங்குது, ரெண்டு தடவை வாந்தி வேற எடுத்துட்டாரு." வீக்கம் கல் மாதிரி இருந்தது, மேல்தோல் சிவந்திருந்தது, தொடவே விடவில்லை. குடல் சிக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் அந்தத் துண்டு அழுகத் தொடங்கும். அவருக்குக் குடலில் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. முந்தின வருடமே வந்திருந்தால் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆகவே வீக்கம் உள்ளே போகவில்லை, வலி ஏறுகிறது, வாந்தி வருகிறது, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியவில்லை என்றால் 108க்குப் போன் செய்யுங்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள், சோடாவும் ஓமத் தண்ணீரும் உட்பட. பலமாக அமுக்காதீர்கள், ஒத்தடம் வேண்டாம், தடவிவிடுகிறவரிடம் போகவே வேண்டாம். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நேரத்தைக் கழிக்காமல், ராத்திரியிலும் சர்ஜனும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் நிம்மதி. பிதுங்கியதை உள்ளே வைத்து, பெரும்பாலும் பலவீனமான இடத்தைத் தாங்க மெஷ் என்கிற மெல்லிய வலை வைத்துத் தைப்பார்கள். திறந்து செய்வதா, சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனையில் செலவில்லை. தனியார் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா என்று அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் இருமலுக்கும் சர்க்கரைக்கும் வைத்தியம் பாருங்கள், பீடி சிகரெட்டைச் சில வாரங்கள் முன்பே நிறுத்துங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டிலேயே பிளேடால் முடி வழித்துக்கொண்டு வராதீர்கள், கீறலில் கிருமி சேரும். சாப்பிடக்கூடாது என்று சொன்ன நேரத்துக்குப் பிறகு "ஒரு இட்லிதானே" என்பதும் வேண்டாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், அரைஞாண் கயிறு. இதற்குத்தான் எங்கள் வார்டில் பெரிய பஞ்சாயத்து நடக்கும். மனைவி கண் கலங்குவார், அம்மா சண்டைக்கே வருவார். வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அழுக்கேறிய கயிறு இருக்கக்கூடாது, வெள்ளி என்றால் தியேட்டரில் பயன்படுத்தும் மின்கருவியால் தோல் சுடவும் வாய்ப்பு உண்டு. வீட்டிலேயே கழற்றிப் பூஜை அறையில் வைத்துவிட்டு வாருங்கள், புண் ஆறியதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

முதுகில் ஊசி போட்டுச் செய்தால் கால் சில மணி நேரம் மரத்திருக்கும். முதல் முறை எழுந்திருக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். ஆறேழு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு கனக்கிறது என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். டாக்டர் சொன்னதும் அன்று மாலையே நாலு அடி நடக்க விடுங்கள், "பாவம், படுத்திருக்கட்டும்" என்று கிடத்திவைப்பது நல்லதல்ல.

ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு விரைப்பை வீங்கி நீலம் பாய்ந்தாற்போல ஆகும், பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். பெரும்பாலும் அது கசிந்த ரத்தம் கீழே இறங்கியதுதான், ஓரிரு வாரத்தில் வடியும். படுத்திருக்கும்போது சுருட்டிய துண்டை அடியில் வைத்துத் தூக்கிவையுங்கள், நடக்கும்போது இறுக்கமான ஜட்டி போடச் சொல்லுங்கள். பழைய இடத்தில் நீர் சேர்ந்து சின்னக் கட்டி தெரிந்தால் ஹெர்னியா திரும்பிவிட்டது என்று முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தையலுக்குக் கீழே கொஞ்சம் மரத்துப்போவதும் சகஜம்.

இருமல், தும்மல் வரும்போது மடித்த துண்டைத் தையல்மேல் வைத்து உள்ளங்கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். மலம் இறுகவிடாதீர்கள். தண்ணீர், கீரை, கொய்யா, தேவைப்பட்டால் இசப்கோல். முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று சொல்லி வெறும் ரசம் சாதம் போடுகிறார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையைக் கொடுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, விடாத வாந்தி இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் திரும்பி வாருங்கள்.

வீட்டு நடமாட்டம் உடனே செய்யலாம். ஆனால் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மூட்டை எல்லாம் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு வேண்டாம், வண்டியைக் கிக்கர் உதைப்பதும் அப்படியே. கூலிக்காரர்கள் பதினைந்தாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், வயிற்றுப்பாடு. முடிந்தால் கடை முதலாளியிடம் பேசி அதுவரை கணக்குப் பார்க்கவோ எடை போடவோ கேளுங்கள். சிலர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தைகள் கதை வேறு. தொப்புள் துருத்திக்கொண்டிருந்தால் நாலைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். காசு வைத்துக் கட்டுவதால் பயனில்லை, தோல்தான் புண்ணாகும். ஆனால் அழும்போது தொடை இடுக்கில் புடைத்தால் அது தானாக மூடாது. பச்சிளம் குழந்தையாக இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தைகள் சர்ஜனிடம் காட்டுங்கள். புடைக்கும் நேரத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், டாக்டர் பார்க்கும்போது பெரும்பாலும் உள்ளே போயிருக்கும்.