பிறப்பையொட்டிய சிசு மரணம்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பிறந்து 28 நாள் நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 23 லட்சம் பேர். அவர்களுள் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்தைத் தாண்டவில்லை. குறைப்பிரசவம், பிரசவ நேரத்து மூச்சுத்திணறல், நோய்த்தொற்று, பிறவிக் குறைபாடு ஆகியவையே முதன்மைக் காரணங்கள். இவற்றுள் முதல் மூன்றிலும், தாமதமின்றிச் செயல்பட்டால் பல உயிர்களைக் காக்க முடியும்.

மாதம் நெருங்க நெருங்க வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவது இயல்பே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பிக் காத்திருப்பது பெரிய தவறு. அசைவின் தன்மை மாறலாமே தவிர, வழக்கத்தைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏழு, எட்டு மாதங்களில் வரும் வலியைச் சூட்டுவலி என்று ஒதுக்குவதும் அதற்கு நிகரான ஆபத்து. 34 வாரத்துக்கு முன் பிரசவம் நேரக்கூடும் எனத் தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுமையாகப் பலனளிக்க ஏறக்குறைய ஒரு நாள் தேவை என்பதால், வீட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே.

நட்சத்திரம் பார்த்துச் சிசேரியன் நாள் குறிப்பது நம் ஊரில் இப்போது சாதாரணமாகிவிட்டது. மருத்துவக் காரணம் ஏதுமின்றி 39 வாரத்துக்கு முன்பே, வலியும் தொடங்காத நிலையில் எடுக்கப்படும் குழந்தைக்கு நுரையீரலில் உள்ள நீர் சரிவர வற்றாமல் மூச்சிரைப்பு ஏற்பட வாய்ப்பு அதிகம். ஜாதகத்தில் நல்ல நேரமாக இருந்தாலும் அந்த நுரையீரலுக்கு அது நல்ல நேரமன்று.

பிறந்தவுடன் சேனை வைப்பது (தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைப்பது), கழுதைப்பால் புகட்டுவது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ தடவுவது ஆகிய அனைத்தும் கிருமிக்கு வழி திறப்பவை. தொப்புள்கொடியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் விட்டுவைத்தாலே போதும். முதல் 24 மணி நேரத்தில் குளிப்பாட்டவும் வேண்டாம்.

எளிதில் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. நான்கு மணி நேரமாகப் பால் கேட்டு அழாமல், எழுப்பினாலும் கண் திறக்காமல், உறிஞ்சத் தெம்பின்றிக் கிடக்கும் மூன்று நாள் குழந்தையைப் பார்த்து, "சமத்தாகத் தூங்குகிறது" என்று உறவினர் மகிழ்வார்கள். இரத்தத்தில் பரவும் நோய்த்தொற்று பச்சிளம் குழந்தையிடம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. காய்ச்சல் வராமல் உடல் சில்லிட்டும் போகலாம். நிமிடத்துக்கு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குதல், வலிப்பு, பிறந்த முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சள் நிறம் ஆகியவற்றையும் காலைவரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. 108-ஐ அழைத்தபின், குழந்தையைத் துணியில் சுற்றித் தனியே கிடத்தாமல், தலைக்குக் குல்லா அணிவித்து, தாயின் வெற்று மார்போடு தோல் படும்படி அணைத்து, அதன்மேல் போர்வை போர்த்தி, மூக்கும் வாயும் மூடாதவாறு பார்த்துக்கொண்டே கொண்டு செல்ல வேண்டும்.